‘பிரான்ஸ்’ கரை சேராத இருபத்தெட்டு நாள்

‘பிரான்ஸ்’ கப்பல்,
லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு வெளியே,
12 செப்டம்பர் 1974, வியாழன்

ஒதில்,

நேற்று நான் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் நீ நம்புவாய். நான் நன்றாக இருக்கிறேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாயின் நடுவில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. நாங்கள்தான் நிறுத்தினோம்.

நேற்று மாலை மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, ஊர் தெரிகிறதா என்று பார்க்க மேல்தளத்துக்குப் போனேன். சேன்-ஜோசஃப் தேவாலயக் கோபுரம் நன்றாகவே தெரிந்தது. அப்போது ஒலிபெருக்கியில் நம் சங்கத்து ஆளின் குரல் கேட்டது: “தோழர்களே, சுக்கான் அறை இப்ப நம்ம கையில. அக்டோபரோட கப்பலை நிறுத்தப் போறாங்களாம். அப்படியா? சரி, இப்பவே நிறுத்திட்டோம். எங்க நிறுத்தணுமோ அங்க!” தளம் முழுக்க ஒரே கைதட்டல். எழுபது பேர் மேலே போய், காப்டனிடம் மரியாதையாகவே விஷயத்தைச் சொன்னார்களாம்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை இன்று வேறு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒரு அமெரிக்கக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்து, “நல்ல காரியம் பண்ணீங்க! அது இருக்கட்டும், என் நாயோட சாப்பாடு எங்க?” என்று கேட்டாள். என்னோடு ரொட்டி சுடும் பெலிக்ஸ் சிரித்த சிரிப்பில் தட்டைக் கீழே போட்டான்.

எனக்குத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்று, சவர பிளேடு, டிரான்சிஸ்டருக்கு பேட்டரி வேண்டும். சங்க அலுவலகத்தில் கொடு. சாப்பாட்டுப் படகில் வந்துவிடும். உன் கடிதமும் அப்படியே வரும்.

நாலைந்து நாளில் பாரிஸில் அரசாங்கம் இறங்கிவரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உன்
அர்மான்

✦

லெ ஆவ்ர், பெர்ரே,
14 செப்டம்பர், சனி

அர்மான்,

கம்பளிச் சட்டை, பிளேடு, பேட்டரி, கூடவே இரண்டு ஜோடி காலுறை. முழங்கை கிழிந்த பழுப்புச் சட்டையைத்தான் அனுப்பியிருக்கிறேன். நல்லதை அனுப்பினால் அடுப்புக்கு முன்னால் நின்று கருக்கிவிடுவாய்.

புதன்கிழமை மாலை நான் துறையில்தான் இருந்தேன். மற்ற மனைவிகளோடு நின்று காத்திருந்தேன். கப்பல் வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏதோ கோளாறு என்று நினைத்தோம். மேல்மாடி மதாம் வோக்லேன்தான் முதலில் புரிந்துகொண்டு, “பசங்க பிடிச்சுட்டாங்கடி!” என்று கத்தினாள். அவளுக்கு ஆனந்தக் கண்ணீர். நான் வீட்டுக்கு வந்து, அடுப்பில் இருந்த முயல் கறியை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கால்வாயில் நிற்பதால், காப்பி ஏற்றி வந்த கப்பல் ஒன்று உள்ளே வர முடியாமல் காத்திருக்கிறது. கிடங்கில் கொட்டை பொறுக்கும் எங்களுக்கு இரண்டு நாளாக வேலை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

“நிறுத்தினோம்” என்று எழுதியிருக்கிறாய். நீ கை தூக்கினாயா, அல்லது பக்கத்தில் நின்றிருந்தாயா?

இன்னொரு கேள்வி. இந்தக் கப்பல் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதற்குப் பிறகு நீ என்ன செய்வதாக இருக்கிறாய்? ஜூலையில் இருந்து கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ வேறு எதையோ பேசுகிறாய்.

ஒதில்

✦

‘பிரான்ஸ்’,
16 செப்டம்பர், திங்கள்

ஒதில்,

கை தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். போதுமா?

கோபப்படாதே. நீ இங்கே இருந்தால் நீயும் தூக்கியிருப்பாய். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் பயணத்தன்று நீ துறையில் நீலக் கோட்டுடன் நின்று கை அசைத்தது நினைவிருக்கிறதா? முந்நூற்றுப் பதினாறு மீட்டர் கப்பல், உலகத்திலேயே நீளமான பயணக் கப்பல், அதன் அடுப்பறையில் உன் புருஷன். அன்று நம் தெருவே உன்னை வாழ்த்தியது. சேன்-நசேரில் இந்தக் கப்பலைக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். இதில் உழைப்பவர்கள் ஆயிரம் பேர். எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று காகிதத்தில் ஒரு கோடு போட்டு எல்லாரையும் அழித்துவிடலாமா?

இங்கே ஒழுங்கு குறையவில்லை. முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டிவிட்டோம். ஒரு கரண்டிகூடக் காணாமல் போகக் கூடாது என்று சங்கக் கமிட்டி சொல்லிவிட்டது. பித்தளைக் கைப்பிடிகளைத் தினமும் துடைக்கிறார்கள். கப்பலில் தங்கிவிட்ட எண்ணூறு பேருக்கு நான் ரொட்டி சுடுகிறேன். எஞ்சின் அறையின் கிவார்ச், நான் முன்னே சொல்வேனே, அந்த பிரெத்தோன்காரன், நேற்று என் தோளைத் தட்டி, “பணக்காரங்களுக்குச் சுட்டப்போ இவ்வளவு ருசி இல்லையேடா, அர்மான்!” என்றான்.

உன் இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்ல? கப்பல் ஓடும். ஓடினால் நான் ரொட்டி சுடுவேன். அவ்வளவுதான்.

சட்டைக்கு நன்றி. முழங்கையை நீ தைத்து அனுப்பியிருக்கிறாய். சொல்லாமலேயே.

அர்மான்

✦

‘பிரான்ஸ்’,
19 செப்டம்பர், வியாழன்

ஒதில்,

இன்று மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. லெ ஆவ்ர் துறையில் மனைவிகளின் பேட்டி. ஒவ்வொருத்தியும் பேசப் பேச அவளுடைய புருஷன் எழுந்து நின்றான், நாங்கள் மேசையைத் தட்டினோம். பிறகு ஒரு குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை. “இந்தக் கப்பல் நின்னா எனக்குச் சந்தோஷம்தான். பன்னெண்டு வருஷமா என் வீட்டுக்காரர் ஊர் உலகத்துக்கெல்லாம் ரொட்டி சுடுறார். நான் கடையில வாங்கித் தின்கிறேன்” என்றது அந்தக் குரல்.

ஒருத்தரும் மேசையைத் தட்டவில்லை. கப்பலில் ரொட்டி சுடுபவர்கள் ஆறு பேர். அதில் கல்யாணமானவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரின் மனைவிகள் முன்பே பேசிவிட்டார்கள்.

கிவார்ச் தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து, மெதுவாக, மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான். அவன் பக்கத்தில் இருந்தவனும் தள்ளினான். சாயங்காலம் நான் சுட்டதில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

அது நீ இல்லை என்று எழுது. வேறு யாரோ என்று எழுது. அதைத் தவிர எதுவும் எழுதாதே.

அர்மான்

✦

லெ ஆவ்ர்,
21 செப்டம்பர், சனி

அர்மான்,

நான்தான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். புதன்கிழமை எல்லாரும் போனோம், நானும் போனேன். ரேடியோக்காரன் ஒவ்வொருத்தி முன்னாலும் மைக்கை நீட்டினான். எல்லாரும் “விடமாட்டோம்” என்றார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், “உங்க வீட்டுக்காரர் கப்பல்ல என்ன வேலைம்மா?” என்றான். ரொட்டி சுடுகிறார் என்றேன். “அடேயப்பா! அப்ப உங்க வீட்ல தினமும் விருந்துதான்!” என்று சிரித்தான். சின்ன வயது. பல்வரிசை அழகாக இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் வாயில் இருந்தது மாறிப்போய்விட்டது.

நான் சொன்னதில் பொய் எது, நீயே சொல். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நீ சுட்ட ரொட்டியை நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்? வீட்டில் இருக்கும் மூன்று நாளும் “மாவைப் பாக்கவே பிடிக்கல” என்று தூங்குவாய். நான்காவது நாள் பெட்டியைத் தூக்குவாய்.

உன் வேலை போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. உன்னோடு இருப்பவர்கள் தெருவில் நிற்கட்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் ஜூலையில் கப்பலை நிறுத்தப் போகும் செய்தி வந்த அன்று, நான் அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அது உண்மை. நீ கை தூக்கியது கப்பலுக்காக மட்டும்தானா? உன்னைக் கேட்டுக்கொள். வீட்டுக்கு வர வேண்டியிருக்குமே என்றுதானே தூக்கினாய்?

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் மீன் தலைகள் கிடந்தன. மதாம் வோக்லேன் மாடிப்படியில் நின்று, “எங்க வீட்டு ஆம்பளைங்க குளிர்ல கிடக்காங்க, நீ ரேடியோல கச்சேரி வெக்கிறியா?” என்று கேட்டாள். இன்று கதவில் சிவப்புச் சாயத்தில் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இல்லாமல்.

ஃபெக்காமில் என் அக்கா தெரேஸ் வீட்டுக்குப் போகிறேன். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன். எப்போது திரும்புவேன் என்று தெரியாது.

ஒதில்

✦

‘பிரான்ஸ்’,
சேன்-வா கரைக்கு எதிரே,
25 செப்டம்பர், புதன்

ஒதில்,

இந்தக் கடிதம் தெரேஸ் வீட்டுக்கு வரும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று பதில் எழுதியிருந்தால், திரும்ப எடுக்க முடியாத வார்த்தைகளை எழுதியிருப்பேன். காற்று என்னைத் தடுத்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் மாவுப் பீப்பாய்கள் அடுப்பறையில் உருண்டன. பகல் முழுக்க மேற்குக் காற்று. நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம் அடுப்பறை வரை கேட்டது, யாரோ இரும்புப் படிக்கட்டில் பியானோவை இழுத்துக்கொண்டு போவதுபோல. இப்படி இழுத்துக்கொண்டே போனால் கப்பல் மணல்திட்டில் ஏறிவிடும் என்றார்கள். கமிட்டியில் சண்டை. நகர்ந்தால் தோற்றோம் என்றான் கிவார்ச். நகராவிட்டால் செத்தோம் என்றான் பெலிக்ஸ். கடைசியில் நங்கூரத்தைத் தூக்கி, மறைவு தேடி இங்கே வந்து நின்றோம்.

சங்கிலிப் பக்கம் நின்றவர்களுக்கு நான் ரொட்டியைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு போனேன். கிவார்ச் வாங்கிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் தின்றான்.

நீ கேட்டதை நான் என்னையே கேட்டேன். நேற்றும் கேட்டேன், இன்றும் கேட்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆமாம், ஒதில். வீட்டுக்கு வரப் பயம். ஏன் பயம் என்பதை எழுதுகிறேன்.

1966 மார்ச்சில், நம் பெண் குழந்தை பிறந்து அழாமலேயே போனபோது, நீ ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாய். தந்திக் கருவி கெட்டிருந்தது, நியூயார்க் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையில் கிடைத்தது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். கருவி நன்றாகத்தான் இருந்தது. நீ அனுப்பிய அன்றே கிடைத்தது. மூன்று நாள் நான் பதில் போடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் எனக்குத் தெரியும். தூங்குவதுபோல் கிடந்தேன். தூங்கவில்லை.

அர்மான்

✦

ஃபெக்காம்,
29 செப்டம்பர், ஞாயிறு

அர்மான்,

எனக்குத் தெரியும்.

தந்தி அறையில் வேலை பார்த்தவனின் மனைவி அந்த வருடம் ஏப்ரலிலேயே மீன் சந்தையில் வைத்துச் சொன்னாள். “பாவம் உங்க வீட்டுக்காரர், அதை வாங்கினதும் முகம் வெளுத்துப் போச்சாம்” என்றாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் வாங்கிய மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எட்டு வருடம், அர்மான். ஒவ்வொரு தடவை நீ வரும்போதும், இந்தத் தடவை சொல்வாய் என்று நினைத்தேன். நீ வாசனைச் சோப்பும் காலுறையும் கொண்டு வந்தாய். நானாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ இன்னொரு பொய் சொல்வாய் என்று பயந்தேன். ஒரு பொய்யோடு குடும்பம் நடத்தலாம், இரண்டு பொய்யோடு என்னால் முடியாது.

நீ சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு தெரேஸின் மீன் புகைக்கும் கூடத்துக்குப் போய், மாலை வரை ஹெரிங் மீனைக் கம்பியில் கோத்தேன். ஒருத்தரையும் என்னோடு பேச விடவில்லை நான்.

அந்த மூன்று நாள் நீ என்ன செய்தாய்? அதை எழுது. வருத்தப்பட்டேன், மன்னித்துவிடு என்றெல்லாம் எழுதாதே. என்ன செய்தாய் என்று எழுது. கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து. அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். நீ எங்கே இருந்தாய் என்று தெரிய வேண்டும்.

ஒதில்

✦

‘பிரான்ஸ்’,
2 அக்டோபர், புதன்

ஒதில்,

காலை பதினொரு மணி. அன்று மாலை முதல் வகுப்பில் ஒரு பெரிய விருந்து. நான் சர்க்கரையைப் பாகாக்கி இழுத்து, கூடைகள் செய்துகொண்டிருந்தேன். நாற்பது கூடை. ஒவ்வொன்றிலும் பாதாம் மிட்டாய் வைக்க வேண்டும். தந்திக்காரன் வந்து நீட்டினான். படித்தேன். மடித்து ஏப்ரன் பையில் வைத்தேன்.

பாகு சூட்டில் இருந்தால்தான் இழுக்க வரும். ஆறினால் உடையும். அதனால் கையை நிறுத்தவில்லை. அப்போது பதினேழாவது கூடை. இடது கையில் மூன்று விரல் சுட்டுக்கொண்டது, அந்தத் தழும்பைப் பற்றி நீ கேட்டபோது அடுப்புக் கதவு பட்டது என்று சொன்னேன். அதையும் சேர்த்துக்கொள்.

பெலிக்ஸ், “என்னடா காகிதம்?” என்று கேட்டான். “வீட்ல இருந்து. ஒண்ணுமில்ல” என்றேன்.

ஒண்ணுமில்ல என்று சொன்னேன், ஒதில். அதுதான் நான் சொன்ன வார்த்தை. இதை எழுத நேற்று முழுக்க முயன்றேன்.

நாற்பது கூடையும் முடித்தேன். மாலையில் பயணிகள் கைதட்டினார்கள். இதைச் செய்தவரைக் கூப்பிடுங்கள் என்றார்களாம். தலைமைச் சமையல்காரர் என்னை விருந்துக் கூடத்துக்குள் அழைத்துப் போனார். நான் குனிந்து வணக்கம் சொன்னேன். தந்தி பையில் இருந்தது.

அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் ரொட்டி சுட்டேன். தந்தி அறை வாசல் வரை நான்கு தடவை போனேன். பதில் எழுதிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று நினைத்தேன். நான் எழுதாதவரை, நீ இன்னும் வயிற்றில் பிள்ளையோடு சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். நீ அங்கே தனியாகப் படுத்திருந்தாய் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் நினைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மன்னிப்புக் கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை.

இங்கே கப்பல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் கரைக்குப் போகலாம் என்கிறார்கள். மற்றவர்கள் விடாதே என்கிறார்கள். குடிக்கும் தண்ணீரை அளந்து தருகிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் இப்போது தனித்தனி மேசையில். நேற்று இரண்டு பேர் கத்தி வரை போய்விட்டார்கள், பெலிக்ஸ் நடுவில் விழுந்து தடுத்தான்.

அர்மான்

✦

லெ ஆவ்ர், நம் வீடு,
11 அக்டோபர், வெள்ளி

ஒதில்,

மேலே எழுதியிருக்கும் முகவரியைப் பார். நான் வீட்டில் இருக்கிறேன்.

உன்னிடம் இருந்து பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

வாக்கெடுப்பு நடந்தது. கூடத்தில் எல்லாரும் நின்றோம். கரைக்குப் போகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நான் தூக்கினேன். ஒரு கைதான். எனக்கு முன்னால் நின்ற கிவார்ச் திரும்பிப் பார்த்தான். “பொண்டாட்டி பேச்சைக் கேட்டுட்டியா?” என்றான். “கேட்டேன். எட்டு வருஷம் தாமதமா கேட்டேன்” என்றேன். அவனுக்கு அது புரியவில்லை. என் வாயில் குத்தினான். உதடு இன்னும் வீங்கியிருக்கிறது, சூப் குடிக்க முடியவில்லை.

அதே மாலை அவன் அடுப்பறைக்கு வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்தான். “எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு, அர்மான். இந்த எஞ்சினைத் தவிர ஒண்ணும் தெரியாது. உன்னை அடிக்கல நான். யாரை அடிக்கிறதுன்னு தெரியல” என்றான். நான் அவனுக்கு பிரியோஷ் ரொட்டி கொடுத்தேன். அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே அழுதான்.

புதன்கிழமை கப்பலைத் துறைக்குக் கொண்டு வந்தோம். கரை முழுக்க ஆள். எல்லாரும் பாடினார்கள். பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராக ஏணியில் இறங்கினோம். இறங்க இறங்கப் பாட்டு குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் ஜெயிக்கவில்லை, ஒதில். கப்பல் இனி ஓடாது.

கீழ்வீட்டில் சாவி வாங்கினேன். நம் கதவில் அந்த வார்த்தை அப்படியே இருந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மதாம் வோக்லேன் மண்ணெண்ணெய் டப்பாவோடு இறங்கி வந்தாள். “நான் எழுதல. மீன் தலை போட்டது நான்தான். இது நான் இல்ல. ஆனா எழுதினவனைத் தடுக்கவும் இல்ல” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தோம். இன்னும் லேசாகத் தெரிகிறது. முழுக் கதவுக்கும் சாயம் பூச வேண்டும்.

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. நேற்று மூன்று தடவை படிக்கட்டில் காலடி கேட்டு எழுந்தேன். மூன்றும் வேறு யாரோ. நீ எத்தனை வருடம் இப்படி எழுந்திருப்பாய் என்று கணக்குப் போடப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பொய் சொல்லக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். அமெரிக்காவில் மியாமியில் இருந்து தீவுகளுக்குப் போகும் ஒரு உல்லாசக் கப்பலுக்கு ரொட்டி சுடுபவர்கள் வேண்டுமாம். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். பெலிக்ஸ் சரி என்று சொல்லிவிட்டான். எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதியிருக்கலாம், நீ நம்பியிருப்பாய். சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வயதில் கரையில் எனக்கு வேலை யார் தருவார்கள் என்று தெரியாது. கரையில் இருக்க எனக்குத் தெரியுமா என்றே தெரியாது.

அர்மான்

✦

ஃபெக்காம்,
15 அக்டோபர், செவ்வாய்

அர்மான்,

2ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுதும் சக்தி எனக்கு இல்லாமல் இருந்தது. பதினேழாவது கூடையில் இருந்து நாற்பது வரை நான் எண்ணிப் பார்த்தேன். நீ ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்த்தேன். அன்று நீ எங்கேயோ சிரித்துக்கொண்டிருந்தாய் என்றுதான் இத்தனை வருடம் என் மனதில் ஒரு படம் இருந்தது. அந்தப் படம் போய்விட்டது. புதிய படமும் நன்றாக இல்லை. ஆனால் அதில் நீ இருக்கிறாய்.

மன்னித்துவிட்டேனா என்று தெரியாது. தெரேஸ் கேட்கிறாள், “என்னடி முடிவு பண்ணே?” என்று. மீன் கோக்கிறேன்.

மியாமி விஷயத்தை மறைக்காமல் எழுதினாய். அதைப் படித்து எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் பழைய ஆத்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்ன பதில் சொல்கிறாயோ, அதை எனக்கு எழுதாதே. போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ இருந்தால், ஐந்து வருடம் கழித்து அதற்கும் என் முகத்தைப் பார்க்க மாட்டாய்.

சனிக்கிழமை நாலேகாலுக்கு அங்கே வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிறுத்தத்துக்கு வராதே. என்னிடம் சாவி இல்லை. மாடி ஏறி வந்து கதவைத் தட்டுவேன். ஒரு தடவைதான் தட்டுவேன். திறக்க ஆள் இல்லையென்றால், கீழே வந்து, அடுத்த பஸ்ஸில் ஃபெக்காமுக்குத் திரும்பிவிடுவேன். நீ எழுதியிருக்கிறாயா என்று இனி தபால்பெட்டியைப் பார்க்க மாட்டேன்.

ஒதில்

✦

(கதவில் ஒட்டிய காகிதம்)

19 அக்டோபர், சனி, 4 மணி 5

ஒதில், தட்டிவிட்டுப் போய்விடாதே! கதவு பூட்டவில்லை, தள்ளு. பால் திரிந்துவிட்டது, காப்பிக்குப் பால் வாங்க ஓடியிருக்கிறேன். கப்பலுக்கு இல்லை, முக்குக் கடைக்கு. பத்தே நிமிடம். வெள்ளிக்கிழமை என்ன சொன்னேன் என்று எழுதாதே என்றாய். எழுதவில்லை. பெலிக்ஸ் காலை ரயிலில் தனியாகப் போனான் என்று மட்டும் எழுதுகிறேன். கதவுச் சாயம் இன்னும் ஈரம், கோட்டு பட்டுவிடாமல் பார்த்துக்கொள். அ.

(அதன் கீழே, பென்சிலில்)

கோட்டில் பட்டுவிட்டது. மணி நாலே முக்கால், பத்து நிமிடமாம். கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறேன். உள்ளேதான் இருக்கிறேன். தட்டு. ஒ.